கூலி வவுச்சரும் ஒரு மேக்ரோவும்

காஞ்சிபுரம் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களிலும் காந்தி ரோட்டுக் கடைகளிலும் மாஸ்டர் வீவர் வீட்டு முன்னறைகளிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போடும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



உங்களில் பாதிப் பேராவது டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஆஃபீஸ் ஆட்டோமேஷன் தேர்வையும், நாம் சி.ஓ.ஏ. என்று சொல்வதை, கையோடு எழுதி வைத்திருப்பீர்கள். குரூப் 4 வேலை வரும்வரை சங்கத்தில் கொஞ்ச நாள் இருப்போம் என்று வந்தீர்கள். அந்தக் கொஞ்ச நாளில் கல்யாணம் ஆகி, பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது. அதில் குறைவொன்றும் இல்லை. அண்ணாவே சிறிது காலம் இந்த ஊர் நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்தவர்தான்.

எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. கம்ப்யூட்டரை இன்னும் டைப்ரைட்டராகவே வைத்திருக்கிறீர்கள். மாதம் 10-ஆம் தேதி ராத்திரி போய்ப் பார்த்தால் தெரியும். மறுநாளுக்குள் ஜி.எஸ்.டி.ஆர். 1 போட வேண்டும். பில் பட்டியலை வரி வரியாகக் கண்ணால் பார்த்து, மாநிலக் குறியீடு 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகம், 32 என்றால் கேரளம் என்று பிரித்து, உள்மாநிலத்துக்கு 5 விழுக்காட்டை இரண்டரை இரண்டரையாகப் பங்கிட்டு, வெளிமாநிலத்துக்கு முழுதையும் ஐ.ஜி.எஸ்.டி.யில் ஏற்றி, பக்கத்தில் கால்குலேட்டர் வைத்துச் சரிபார்க்கிறீர்கள். எக்ஸெல் திறந்திருக்க, பக்கத்தில் கால்குலேட்டர்! இந்த வேலைக்கு மேக்ரோகூடத் தேவையில்லை. "33 என்றால் பாதி பாதி, இல்லையென்றால் முழுசு" என்று ஒரு இஃப் ஃபார்முலா எழுதிக் கடைசி வரிவரை இழுத்துவிட்டால் முடிந்தது.

முதலில் கை மவுஸை விட்டு வரவேண்டும். ஹையர் முடித்தவருக்கு நிமிடத்துக்கு 45 வார்த்தை அடிக்கிற விரல் இருக்கிறது. அந்த விரலை மவுஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் அலையவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைய தேதி வேண்டுமா, கண்ட்ரோலோடு அரைப்புள்ளி. மேல் செல்லில் உள்ளது கீழேயும் வரவேண்டுமா, கண்ட்ரோல் டி. மொத்தம் போட வேண்டுமா, எக்ஸெலில் ஆல்ட்டோடு சமக்குறி. கண்ட்ரோலோடு கீழ் அம்புக்குறியை அழுத்தினால் பட்டியலின் கடைசிக்கு ஒரே தாவில் போகும். போகாமல் நடுவில் நின்றால் அங்கே ஒரு செல் காலி என்று பொருள். விட்டுப்போன பில்லைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

எஃப் 4 விசையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நெசவாளர் கூலியில் சேமிப்புத் திட்டத்துக்கு ரூபாய்க்கு 8 காசு பிடிப்பது நெடுங்காலமாக வந்த வழக்கம். அந்த 8 காசை ஒவ்வொரு வரி ஃபார்முலாவிலும் எண்ணாகவே எழுதி வைத்திருக்கிற ஷீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். விகிதம் மாறினால் அத்தனை வரியையும் மாற்ற வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் ஒரு நெசவாளருக்கு நட்டம். அந்த எண்ணை மேலே ஒரு செல்லில் மட்டும் வையுங்கள். ஃபார்முலாவில் அந்த செல்லைக் காட்டும்போது எஃப் 4 அழுத்தினால் டாலர் குறி விழுந்து முகவரி நிலைத்துவிடும், எவ்வளவு தூரம் இழுத்தாலும் நகராது. சரிகை விலையும் அப்படித்தான், ஒரு மார்க்குக்கு எத்தனை கிராம் என்கிற கணக்கும் அப்படித்தான். தங்கம் வெள்ளி ஏறி இறங்குகிற வேகத்தில் சரிகை விலையை ஒரே இடத்தில் மாற்ற முடியாத ஷீட் இருந்தும் பயனில்லை.

போகிற போக்கில் ஒரு வேண்டுகோள். தலைப்பு அழகாக நடுவில் வரவேண்டும் என்று செல்களை மெர்ஜ் செய்யாதீர்கள். அதற்குப் பிறகு பட்டியலை வரிசைப்படுத்தப் போனால் எக்ஸெல் முரண்டு பிடிக்கும், நீங்கள் எக்ஸெலைத் திட்டுவீர்கள்.

இனி மேக்ரோ. இதைப் பற்றி வெளியூரில் பேசினால் விளக்க மெனக்கெட வேண்டும். நம் ஊரில் பிள்ளையார்பாளையத்தில் எந்த வீட்டுத் தறியைக் காட்டினாலும் போதும். தறிக்கு மேலே ஜக்கார்டில் அட்டை தொங்குகிறது. ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. ஒரு தடவை அட்டை குத்தினால் அன்னமோ மயிலோ யாளியோ எத்தனை புடவைக்கும் அதே ஒழுங்கில் விழும். அடை கட்டி வடிவம் போட்ட காலத்தில் இருந்த பாடு எவ்வளவோ குறைந்தது. பிரான்ஸில் ஜக்கார்டு இந்த அமைப்பைக் கொண்டுவந்தது 1804-ல். அதே ஓட்டை அட்டையை வைத்துத்தான் ஹோலரித் 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எண்ணினார், அவர் கம்பெனி பின்னால் வேறு கம்பெனிகளோடு சேர்ந்து ஐ.பி.எம். ஆனது. ஆகவே செய்யவேண்டியதை வரிசையாக முன்கூட்டியே எழுதிவைப்பது, அதாவது மேக்ரோ, என்கிற சமாச்சாரம் தறிமேட்டிலிருந்து ஆபீசுக்குப் போனது. உங்கள் அப்பா காலால் மிதித்ததைத்தான் நீங்கள் விசையால் அழுத்தப் போகிறீர்கள்.

எக்ஸெலில் மேக்ரோ எழுதத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. ரெக்கார்ட் மேக்ரோ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு, வழக்கமாகச் செய்வதைச் செய்துகாட்டுங்கள்: வவுச்சரைப் பிரின்ட் போடுவது, விவரத்தைப் பதிவு ஷீட்டின் அடுத்த வரியில் ஒட்டுவது, வவுச்சரைக் காலி செய்வது, எண்ணை ஒன்று கூட்டுவது. பிறகு ரெக்கார்டை நிறுத்துங்கள். செய்த எல்லாமும் விஷுவல் பேசிக் வரிகளாக எழுதப்பட்டிருக்கும். ஆல்ட்டோடு எஃப் 11 அழுத்தினால் அதைப் படிக்கலாம். எக்ஸெலுக்குள் இந்த மொழி வந்தது 1993-ல், உங்களில் பலர் பிறப்பதற்கு முன்.

ரெக்கார்டர் ஒரு இடத்தில் எல்லாரையும் கவிழ்க்கும். பதிவு ஷீட்டில் 12-ஆம் வரியில் ஒட்டிக் காட்டினீர்கள் என்றால், அது "12-ஆம் வரி" என்றே எழுதிக்கொள்ளும். நாளைக்கு ஓட்டினாலும் அதே வரியில் ஒட்டி, நேற்றைய வவுச்சரை அழித்துவிடும். அதனால் யூஸ் ரெலட்டிவ் ரெஃபரன்ஸஸ் என்கிற பொத்தானை அழுத்திவிட்டு, கண்ட்ரோல் அம்புக்குறியால் கடைசி வரிக்குத் தாவி, அங்கிருந்து ஒரு வரி கீழே இறங்கி ஒட்டுங்கள். அப்போது "கடைசி வரிக்கு அடுத்தது" என்று பதிவாகும். மேலே சொன்ன குறுக்குவிசைகள் வெறும் வேகத்துக்காக மட்டும் இல்லை என்பது இங்கேதான் புரியும். மவுஸால் சுட்டிக்காட்டினால் ரெக்கார்டர் இடத்தைக் கற்றுக்கொள்ளும், கீபோர்டால் போனால் வழியைக் கற்றுக்கொள்ளும்.

ரெக்கார்டர் செய்ய முடியாத வேலைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கூலி வவுச்சரில் தொகையை எழுத்தால் எழுத வேண்டும். பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது மட்டும் என்று ஒவ்வொன்றாகத் தட்டுகிறீர்கள். எக்ஸெலில் தாய்லாந்து நாணயத்தை எழுத்தால் எழுத பாட்டெக்ஸ்ட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ரூபாய்க்கு ஒன்றும் கிடையாது. ஆங்கிலத்தில் எழுதித் தருகிற மேக்ரோ எங்கும் கிடைக்கும், அதிலும் சில மில்லியன் கணக்கில் போகும், லட்சம் தெரியாது. தமிழில் வேண்டுமென்றால் நாமே எழுத வேண்டியதுதான். அதற்கு நம் ஊர்க் கணக்கரைவிடத் தகுதியானவர் ஒருவரும் இல்லை.

எடுத்த எடுப்பில் ஒரு சிக்கல் வரும். விஷுவல் பேசிக் எழுதும் ஜன்னலில் தமிழை ஒட்டினால் கேள்விக்குறிகளாக விழும், அந்த ஜன்னலுக்கு யுனிகோடு தெரியாது. மனம் தளர வேண்டாம். சொற்களை மேக்ரோவுக்குள் எழுதாமல் ஒரு ஷீட்டில் எழுதுங்கள். ஒரு பத்தியில் ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை. அடுத்த பத்தியில் ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம், ஐயாயிரம் என்று அதே 99-க்கும் ஒட்டிய வடிவம். மூன்றாவதில் நூறு, இருநூறு, முந்நூறு முதல் தொள்ளாயிரம் வரை ஒன்பது. தமிழ் அங்கேயே இருக்கட்டும். மேக்ரோ எந்த வரியை எடுப்பது என்று மட்டும் தீர்மானிக்கும். தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, ஐயாயிரத்தில் ஐந்து காணவில்லையே என்றெல்லாம் விதி தேடி மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. பட்டியலில் இருப்பதை எடுத்துப் போட்டால் தீர்ந்தது.

கணக்கு எளிது. தொகையைக் கோடியால் வகுத்த முழு எண், மிச்சத்தை லட்சத்தால் வகுத்தது, மிச்சத்தை ஆயிரத்தால், பிறகு நூறால், கடைசியில் மீதம். ஒவ்வொரு படியிலும் "இதற்குப் பின்னால் ஏதாவது மிச்சம் இருக்கிறதா" என்று மட்டும் ஒரு கேள்வி. இல்லையென்றால் ஆயிரம், இருந்தால் ஆயிரத்து. இல்லையென்றால் எண்ணூறு, இருந்தால் எண்ணூற்று. இதையும் இரண்டு பட்டியலாக எழுதலாம் என்றாலும் அவசியமில்லை. "ம்" என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, எக்ஸெலுக்கு மகரம் ஒன்று புள்ளி ஒன்று என இரண்டு. "று" என்பதும் அப்படியே இரண்டு. ஆக ஆயிரம், லட்சம், தொள்ளாயிரம் எதுவானாலும் கடைசி இரண்டை வெட்டி "த்து" சேர்த்தால் போதும். நூறு, எண்ணூறு வகையறாவில் அதே இரண்டை வெட்டி "ற்று". கோடிக்கு மட்டும் வெட்டாமல் "யே". இந்த ஒட்டுகளையும் ஷீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று வல்லினம் மிகவேண்டிய இடத்தில் மிகாது என்று தமிழாசிரியர் யாராவது சொன்னால் அவர் சொல்வது சரிதான். வவுச்சருக்கு அது போதும் என்று விட்டிருக்கிறேன், விரும்புகிறவர்கள் அதற்கும் ஒரு இஃப் எழுதுங்கள்.

இன்னொன்று, தொகைக்கு இன்டிஜர் என்கிற வகையைப் பயன்படுத்தாதீர்கள். விஷுவல் பேசிக்கில் இன்டிஜர் 32,767-க்கு மேல் தாங்காது, ஓவர்ஃப்ளோ என்று நின்றுவிடும். சாதாரணக் கடைக்கு அது பெரிய தொகையாக இருக்கலாம். கோர்வை போட்டு அசல் சரிகையில் நெய்த முகூர்த்தப் புடவை ஒன்றுக்கே போதாது. கரன்சி என்று அறிவியுங்கள்.

பெயர்ப் பட்டியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் பலர் இதற்காகத்தான் கம்ப்யூட்டரே சரியில்லை என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். உறுப்பினர் பட்டியலில் ஸ்ரீதர் இருக்கிறார், கண்ணுக்குத் தெரிகிறார், வி-லுக்கப் போட்டால் ஆளில்லை என்கிறது. காரணம், ஸ்ரீ என்பதை இரண்டு விதமாக உள்ளிடலாம். 2005-ல் ஶகரம் யுனிகோடில் தனியெழுத்தாகச் சேர்ந்தபின் சில விசைப்பலகைகள் அதை வைத்து ஸ்ரீ போடும், சில பழையபடி ஸகரத்தை வைத்துப் போடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், உள்ளே வேறு வேறு எண்கள். ஸ்ரீனிவாசனும் ஸ்ரீதேவியும் தெருவுக்குத் தெரு இருக்கிற வரதராஜர் ஊரில் இது சின்னத் தொல்லை இல்லை. ஒரு வடிவத்தை மற்றதாக மாற்றும் மேக்ரோ மூன்று நான்கு வரிதான், எழுத்தை எழுதாமல் அதன் யுனிகோடு எண்ணைக் கொடுத்து எழுதலாம். பழைய ஃபைல்கள் பாமினியிலோ வானவில்லிலோ இருந்தால் அது வேறு கதை, முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிட்டு வாருங்கள். மேலும் கீழும் இரண்டு எழுத்துருவில் இருக்கும் பட்டியலை எந்த மேக்ரோவாலும் காப்பாற்ற முடியாது.

எச்சரிக்கை இரண்டு. மேக்ரோ ஓடி முடிந்தபின் கண்ட்ரோல் இசட் வேலை செய்யாது. அழித்தது அழித்ததுதான். எனவே முதல் வாரம் முழுக்க ஃபைலின் நகலில் ஓட்டுங்கள், மேக்ரோவின் முதல் வேலையாகவே ஒரு நகல் சேமிக்கச் சொல்லுங்கள். சேமிக்கும்போது எக்ஸ்.எல்.எஸ்.எம். வகையில் சேமிக்க வேண்டும், வழக்கமான வகையில் சேமித்தால் மேக்ரோ போய்விடும். இரண்டாவது, மின்னஞ்சலிலோ வாட்ஸப்பிலோ வரும் யாரோ எழுதிய மேக்ரோவைத் திறக்காதீர்கள். 1999-ல் மெலிசா என்ற வைரஸ் ஒரு வேர்டு ஃபைலின் மேக்ரோவில் ஏறித்தான் உலகம் முழுக்க ஆபீஸ்களின் அஞ்சலை அடைத்தது. இணையத்திலிருந்து வரும் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்டே தடுத்து வைக்கிறது. "எனேபிள் பண்ணுங்க" என்று எவராவது அவசரப்படுத்தினால் அவசரப்படாதீர்கள்.

உங்களில் சிலர் வெளிப்படையாகக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: மூன்று பேர் செய்கிற வேலையை ஒரு மேக்ரோ செய்தால், மற்ற இரண்டு பேர் எங்கே போவது? விசைத்தறி என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்த ஊரில் இந்தப் பயம் நியாயமானது. கரை போட்ட புடவை உள்ளிட்ட ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் ஒரு சட்டம் வந்தது. எழுத்தருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை, வரப்போவதும் இல்லை. ஆனால் வெளியிலிருந்து ஒரு கம்பெனி சாஃப்ட்வேர் கொண்டுவந்து வைத்தால் உங்களுக்குத் தெரிந்த கணக்கு அவர்கள் பெட்டிக்குள் போய்விடும், பிறகு ஒரு பத்தியைச் சேர்க்கவும் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும். நீங்கள் எழுதினால் அது உங்கள் கையில். எடைக்குறைவுக்கு எப்போது கழிவு, பாவு மாறினால் கணக்கு எப்படி, முன்பணம் எந்தப் புடவையில் கழியும் என்பதெல்லாம் தெரிந்தவர் நீங்கள்தான். அந்த அறிவு இல்லாமல் எழுதப்பட்ட மென்பொருள் சங்கங்களில் தூசி படிந்து கிடப்பதையும் பார்த்திருப்பீர்கள். மிச்சமாகிற நேரத்தை உடனே போய் முதலாளியிடம் அறிவிக்க வேண்டாம். அந்த நேரத்தில் பழைய பாக்கியைச் சரிபாருங்கள்.

தணிக்கைக்கு வருகிறவர் "இந்தத் தொகை எப்படி வந்தது" என்று கேட்டால், "மேக்ரோ போட்டது சார்" என்பது பதிலாகாது. ஒவ்வொரு படிக்கும் மேலே ஒற்றை மேற்கோள்குறி வைத்து, என்ன செய்கிறது என்று எழுதி வையுங்கள். அந்த ஜன்னலில் தமிழ் விழாது என்பதால் தங்கிலீஷிலாவது எழுதுங்கள். நம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். குடவோலைத் தேர்தலுக்காகத்தான் அதைப் புகழ்கிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் போட்டியிட முடியாது என்று சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே அதில் வெட்டியிருக்கிறார்கள். கணக்குக் காட்டுவதில் நம் பக்கம் எப்போதும் கறார்தான்.

எக்ஸெல் வாங்கக் காசில்லை என்பவர்களுக்கு: 2011-ல் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தில் வந்தது வீட்டில் எங்காவது கிடந்து, இன்னும் ஓடுகிறது என்றால் அதுவே போதும். லிப்ரே ஆஃபீஸ் இலவசம். அதில் மேக்ரோ பதிவு முதலில் மறைந்திருக்கும், ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில் போய் இயக்கிக்கொள்ளுங்கள். எஃப் 4, கண்ட்ரோல் டி, தேதிக்கான அரைப்புள்ளி எல்லாம் அப்படியே வேலை செய்யும். எக்ஸெலில் எழுதிய மேக்ரோவை அங்கே கொண்டுபோனால் எல்லாமே ஓடும் என்று எண்ண வேண்டாம், கொஞ்சம் திருத்த வேண்டிவரும்.

வவுச்சர் மேக்ரோவை எழுதி முடித்ததும் சங்கச் செயலாளரிடம் காட்டுவதற்கு முன்பு இந்தத் தொகைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்: 9, 90, 900, 1,000, 1,001, 11,000, 32,768, 90,900, 1,00,000, 1,00,001. பிறகு சுழியம் போடுங்கள். கடைசியாக ஒரு மைனஸ் தொகை. முன்பணம் அதிகமாகி, கழிவு போகக் கூலி மைனஸில் நிற்கிற நெசவாளர் எல்லாச் சங்கத்திலும் உண்டு. அந்த இடத்தில் மேக்ரோ எதையும் எழுதாமல் நின்று உங்களைக் கூப்பிட வேண்டும். அந்த மாதம் அவரிடம் எவ்வளவு பிடிப்பது என்பதை நீங்களும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாற்காலியில் முன்பு உட்கார்ந்திருந்த ஒருவன்
பெரிய காஞ்சிபுரம்